கிளியோ தெருவின் கண்ணாடிப் பள்ளி

ஆம்ஸ்டர்டாம் நகரின் தென்பகுதியில், கிளியோ தெருவின் செங்கல் வீடுகளுக்குப் பின்னாலுள்ள முற்றத்தில், 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் எழுப்பப்பட்ட நான்கு தளத் திறந்தவெளிப் பள்ளியின் வரைபடங்களை, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்போர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுண்டு. அதை வடிவமைத்தவர் யோஹன்னஸ் டௌகர் (1890–1935). தொழிலில் அவருடைய கூட்டாளியாக இருந்தவர் பெர்னார்ட் பைஃபூட். எந்த இடத்தில் கான்கிரீட்டைக் குறைக்கலாம், எந்த இடத்தில் சுவரே வேண்டாம் என்று விட்டுவிடலாம் எனக் கடைசி அங்குலம் வரை கணக்குப் பார்த்துக் கட்டிய ஒரு கட்டடத்தில், பிற்காலத்தில் பழுதுபார்க்க வருபவர் எதையும் தாராளமாகச் சேர்த்துவிட முடியாது என்பதை அவ்வரைபடங்களைப்போல் தெளிவாக வேறெதுவும் சொல்லிவிடுவதில்லை. தடித்த சுவர்களைக் கொண்ட பழைய கட்டடத்தில் இரண்டு அங்குலப் பூச்சு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. டௌகரின் கட்டடத்தில் தளத்தின் விளிம்பு அரை அங்குலம் தடித்தாலும் முகமே மாறிவிடும்.

இவ்வளவு மெலிவு எதற்காக என்னும் கேள்விக்கு விடை கட்டடக் கலையில் இல்லை, மருத்துவத்தில் இருக்கிறது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டறிந்து அறிவித்திருந்தாலும், அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர் எழுதித் தந்த மருந்து பெரும்பாலும் வெயிலும் காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும்தான். பெர்லினை அடுத்த ஷார்லொட்டன்பர்க்கில் 1904இல் காட்டு மரங்களுக்கிடையே தொடங்கிய பள்ளியே திறந்தவெளிப் பள்ளிகளுக்கு முன்னோடி எனப்படுகிறது. அங்கும் அதைப் பின்பற்றிய பிற நகரங்களிலும் நோஞ்சான் பிள்ளைகளை நகரத்துக்கு வெளியே அழைத்துச் சென்று, எளிய மரக்கூடங்களிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். கிளியோ தெருப் பள்ளியின் பெயரிலேயே இருந்த மாற்றம் இங்கே கவனிக்கத்தக்கது. 'ஆரோக்கியமான குழந்தைக்கான முதல் திறந்தவெளிப் பள்ளி' என்பதே அதன் பெயர். நோய் வந்த பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, நோய் வராத பிள்ளைக்கு நகரத்துக்குள்ளேயே காற்றைக் கொண்டுவருவது என்னும் எண்ணம் அதில் அடங்கியிருந்தது. சுகாதாரம் என்பதே ஒரு கட்டடப் பாணியாக வளரும் என்று டௌகர் தாம் எழுதிய கட்டுரைகளில் வாதிட்டவர். ஆகவே அவருடைய மெல்லிய தூணையும் அகன்ற கண்ணாடியையும் வெறும் நாகரிக மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பள்ளி நின்ற இடமோ அந்த எண்ணத்துக்கு அவ்வளவு உவப்பானதன்று. நகரத்தின் தென்பகுதி விரிவாக்கத்தைத் திட்டமிட்டவர் பெர்லாகே. அகன்ற தெருக்களும், தெருவை ஒட்டி இடைவெளியின்றி நான்கு பக்கமும் சுற்றிவரும் செங்கல் குடியிருப்புகளும், அவற்றின் நடுவே உள்முற்றமும் என்பது அத்திட்டத்தின் ஒழுங்கு. அந்தச் செங்கல் வரிசையில் ஒரு கண்ணாடிக் கூடு தெருமுகத்தில் நிற்பதற்கு நகரத்தின் கட்டட அழகைக் கண்காணித்த குழு இசையாததால், பள்ளி முற்றத்துக்குள் தள்ளப்பட்டது. தெருவில் அதற்கென ஒரு வாயில் கட்டடம் மட்டும் எழுந்தது. ஆம்ஸ்டர்டாம் 52 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் மாத நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 14 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. முற்றத்தைச் சுற்றி மாடி வீடுகள் இருந்தால் கீழ்த்தளத்துக்கு அந்த வெயில் எட்டாது. வகுப்பறைகளைத் தரையில் பரப்பாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டௌகரின் முடிவு, இடப் பற்றாக்குறையால் மட்டுமன்றி வெயிலைத் துரத்திச் செல்லவும் எடுக்கப்பட்டதாகவே அளவெடுத்துப் பார்ப்பவருக்குத் தோன்றும். குழுவின் மறுப்பு ஒரு வகையில் நன்மையாகவும் முடிந்தது. தெருமுகத்தில் நின்றிருந்தால் நான்கு பக்கமும் கண்ணாடி வைக்க வாய்ப்பிருந்திருக்காது.

தரைப்படம் எளிமையானது. ஒரு பெரிய சதுரத்தை நான்கு சிறு சதுரங்களாகப் பிரித்து, அவை கூடும் நடுவில் மூலைவாட்டாகப் படிக்கட்டை வைத்தார். கிழக்குச் சதுரத்திலும் மேற்குச் சதுரத்திலும் தளத்துக்கு ஒரு வகுப்பறை வீதம் மேல்தளங்களில் அமைந்தன. தெற்குச் சதுரம் சுவரும் கண்ணாடியும் இல்லாத திறந்த மாடம், இருபுற வகுப்புகளுக்கும் பொது. வடக்குச் சதுரம் தரைத்தளத்தோடு நின்றுவிடுகிறது; மேலே அதைக் கட்டாமல் விட்டதால் படிக்கட்டுக்கு நேராக வெளிச்சம் கிடைக்கிறது. தரைத்தளத்தில் ஒரு வகுப்பறையும் உடற்பயிற்சிக் கூடமும் உண்டு. ஆக, நான்கு சதுரத்தில் ஒன்றைக் காற்றுக்கும் ஒன்றை வானத்துக்கும் கொடுத்துவிட்டு, மீதியில் பள்ளியை நடத்தச் சொன்ன வடிவமைப்பு அது. சதுர அடிக் கணக்கில் கூலி பேசும் எந்த ஒப்பந்தக்காரருக்கும் இது வீண் செலவாகவே தெரியும்.

தொழில் தெரிந்தவரின் கண் முதலில் நிலைப்பது தூண்களில். வழக்கமாகச் சதுர அறைக்கு நான்கு மூலைகளில் தூண் நிற்கும். இங்கே மூலைகளில் தூணே இல்லை, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும்தான் தூண் நிற்கிறது. அங்கிருந்து உத்திரங்கள் இருபுறமும் மூலையை நோக்கி நீண்டு, மூலையில் எந்தத் தாங்கலும் இல்லாமல் முடிகின்றன. இப்படி ஒரு முனையில் மட்டும் பிடிமானம் கொண்டு மறுமுனை காற்றில் நிற்கும் உறுப்பைப் பொறியாளர்கள் கான்டிலீவர் என்பர். சன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதன் எளிய வடிவம். அத்தகைய உறுப்பை வளைக்கப் பார்க்கும் விசை தூணருகே மிகுதியாகவும் நுனியில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் இருப்பதால், உத்திரத்தையும் தூணருகே ஆழமாகவும் நுனியை நோக்கிச் சரிந்து மெலிவதாகவும் டௌகர் வார்த்தார். கணக்குத் தாளில் வரையும் விசைப்படம் அப்படியே கட்டடத்தின் முகமாகிவிட்டது. மூலையில் தூண் மறைக்காததால் கண்ணாடி மூலையைச் சுற்றித் திரும்புகிறது. காலையில் ஒரு பக்கம் நுழைந்த வெயில் தடையின்றி அடுத்த பக்கத்துக்கு நகர்கிறது.

கான்டிலீவர் தளத்தை ஆய்வு செய்யப் போகிறவர் பிற தளங்களுக்குச் செய்வதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது இத்தொழிலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. இருபுறமும் தாங்கல் உள்ள தளத்தில் இழுவிசை அடிப்பக்கத்தில் ஏற்படுவதால் கம்பி அடியில் இருக்கும். கான்டிலீவரில் இழுவிசை மேற்புறத்தில் ஏற்படுவதால் முதன்மைக் கம்பி மேலே இருந்தாக வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் சட்டி சுமப்போர் கம்பிமேல் நடந்து நடந்து அதைக் கீழே இறக்கிவிடுவது எந்நாட்டு வேலையிடத்திலும் நடப்பதுதான். கம்பி ஓர் அங்குலம் இறங்கினால் மெல்லிய தளத்தின் வலுவில் பெரும்பங்கு போய்விடும். வெடிப்பும் மேற்புறத்தில், தூணை ஒட்டி, தரைவிரிப்புக்கும் ஓட்டுக்கும் அடியில் மறைந்தே தோன்றும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல், கம்பியின் இருப்பைக் காந்தப்புலத்தால் காட்டும் கருவியைத் தளத்தின் மேல் உருட்டிக் கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வார்கள். பிறகு சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிளந்தது தொம்மென்று ஒலிக்கும். இதற்குக் கருவிகள் பல வந்துவிட்ட பிறகும் சுத்தியலை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை.

மெல்லிய கான்கிரீட்டின் உண்மையான பகை பாரம் அன்று, காற்றுதான். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனத்தை வேலையிடத்தில் கவர் என்பார்கள். அதை உறுதிசெய்யக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு சிமென்ட் வில்லைகளே கவர் பிளாக். புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது என்பதால், அதற்குள் இருக்கும் எஃகின்மேல் ஒரு காப்புப்படலம் உண்டாகித் துரு அணுகாது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டே வரும். மாற்றம் கம்பியை எட்டியதும் காப்புப்படலம் கரைந்து, ஈரமும் கிடைத்தால் துரு தொடங்கும். துரு எஃகைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மாற்றம் புகும் ஆழம் ஆண்டுகளின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளர்கிறது: 25 ஆண்டுகளில் 10 மில்லிமீட்டர் புகுந்த கான்கிரீட்டில் அது 20 மில்லிமீட்டரை எட்ட 100 ஆண்டுகள் ஆகும். இந்த ஒரு கணக்கே கவரின் அருமையைச் சொல்லிவிடும். கவரை இருமடங்காக்கினால் ஆயுள் நான்கு மடங்காகிறது. டௌகர் தலைமுறையினர் கவரை மில்லிமீட்டரில் சேமித்தவர்கள். அவர்களுக்கு இந்த வேதியியலின் நீண்டகால விளைவு கண்முன் இல்லை. கான்கிரீட் என்றென்றும் நிற்கும் கல் என்றே அக்காலம் நம்பியது.

புகுந்த ஆழத்தை அறியும் சோதனை பள்ளி ஆய்வகத்தில் அமில-காரத் தரம்பார்த்தல் செய்த எவருக்கும் பழக்கமானது. கான்கிரீட்டில் புதிதாகத் துளைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், மாறிவிட்ட பகுதி நிறமின்றியே நிற்கும்; எல்லைக்கோட்டை அளவுகோல் வைத்துப் படித்துக்கொள்ளலாம். சிவப்பு கம்பிக்கு முன்பே தொடங்கினால் நிம்மதி, கம்பியைத் தாண்டித் தொடங்கினால் செலவு. அந்த இரண்டு நிமிடங்களில் பள்ளி நிர்வாகத்தார் சுற்றி நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது இத்தொழிலின் தர்மசங்கடங்களுள் ஒன்று.

உதிர்ந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதுக் கலவை வைத்து அடைப்பது எளிது என்று தோன்றும். ஆனால் புதுக் கலவைக்குள் வந்த கம்பித் துண்டு காரத்தில் பாதுகாப்பாக இருக்க, அதையொட்டிப் பழைய கான்கிரீட்டில் கிடக்கும் துண்டு முன்பைவிட வேகமாகத் துருப்பிடிப்பதுண்டு. ஒரே கம்பியின் இரு பகுதிகள் மின்கலத்தின் இரு முனைகளைப்போல நடந்துகொள்வதே காரணம். ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பைச் சுற்றிச் சில ஆண்டுகளில் புதிய பிளவு வளையமாகத் தோன்றினால், கொத்தனாரின் கைவேலையைக் குறை சொல்லும் முன் இந்த மின்வேதியியலை நினைக்க வேண்டும். உத்திரம் முழுவதையும் கூடுதல் கவர் கொடுத்து மூடிவிட்டால் சிக்கல் தீரும். சரிந்து மெலியும் அந்த உத்திரமும் போய்விடும். பள்ளியைக் காப்பாற்றுவதா, பள்ளியின் கான்கிரீட்டைக் காப்பாற்றுவதா என்னும் குழப்பம் இங்கே தொடங்குகிறது.

சன்னல்களில் இதே குழப்பம் இன்னும் கூர்மையாகிறது. அக்காலத்து எஃகுச் சன்னல், உருட்டாலையில் உருட்டிய மெல்லிய கோணச் சட்டங்களால் ஆனது. முகத்தில் தெரியும் அகலம் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். கிளியோ தெருவில் இத்தகைய சட்டங்களில் அச்சில் சுழலும் பெரிய கதவுகளை வைத்து, முழு வகுப்பையும் காற்றுக்குத் திறந்துவிட வழி செய்திருந்தார்கள். இக்கட்டுரையாளர் தம் தொழிலின் முற்பகுதியில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் ஊரில், 1930களைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தின் துருப்பிடித்த எஃகுச் சன்னல்களை அகற்றி அலுமினியச் சன்னல் வைப்பதற்கு இசைவு தந்தார். மழைநீர் ஒழுகுவது நின்றது, நிர்வாகமும் மகிழ்ந்தது. அலுமினியச் சட்டம் எஃகைப்போல் இரு மடங்குக்குமேல் தடித்திருந்ததால், கட்டடத்தின் முகம் கண்ணில் கனமான மை தீட்டிக்கொண்டதுபோல் ஆனதுடன், பிற்பகலில் உள்வரிசைப் பெஞ்சுகளுக்கு விளக்குப் போட வேண்டியதாயிற்று. பழைய சட்டங்களைச் சோதித்துப் பார்த்திருந்தால், அடிச்சட்டங்களில் மட்டும் புது எஃகை வெட்டிப் பற்றவைத்து, துத்தநாகப் பூச்சும் வண்ணமும் கொடுத்து மீண்டும் மாட்டியிருக்கலாம் என்பது, கழற்றியவை பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நீர் தேங்குவது அடியில்தான் என்பதால் எஃகுச் சன்னலில் துருவும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். மேற்சட்டமும் பக்கச்சட்டமும் நூறாண்டுக்குத் தாங்கும்.

கண்ணாடிக்கும் ஒரு வரலாறு உண்டு. உருகிய ஈயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்யும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அது ஈயம் அன்று, உருகிய வெள்ளீயம். அதற்கு முன் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் குழம்பிலிருந்து இயந்திரத்தால் தகடாக மேலே இழுத்துச் செய்யப்பட்டது. இழுத்த கண்ணாடியில் மெல்லிய அலை இருக்கும். எதிர்வீட்டின் பிம்பம் அதில் லேசாக நெளியும். மிதவைக் கண்ணாடி அப்பழுக்கற்றது, ஆனால் அதை மாட்டிய பழைய கட்டடம் ஒட்டுமொத்தமாக ஒரே கண்ணாடிப் பலகைபோல் இறுகித் தெரியும். புதியவர்களுக்கு இது நுணுக்க வெறியாகத் தோன்றலாம். அலையும் பிம்பத்தையும் அசையாத பிம்பத்தையும் அடுத்தடுத்த சட்டங்களில் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்படித் தோன்றாது.

வெப்பக் கணக்கில் டௌகரின் பள்ளி இன்றைய விதிகளின் எந்தத் தேர்விலும் தேறாது. ஒற்றைக் கண்ணாடி, குளிரை நேராக உள்ளே கடத்தும் எஃகு, உள்ளிருந்து வெளியே தடையின்றி ஓடும் கான்கிரீட் உத்திரம் என்று மூன்றும் சேர்ந்திருக்கின்றன. சன்னல்களைத் திறந்தே வைத்துப் பாடம் நடத்த எண்ணியதால் அறைக் காற்றைச் சூடாக்குவதில் பொருளில்லை என்று கண்டு, தளத்துக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்களைப் புதைத்து, கான்கிரீட்டின் பரப்பிலிருந்து வரும் கதிர்வெப்பம் பிள்ளைகளின் உடலில் நேராகப் படும்படி செய்தார்கள். குளிர்காலத்தில் வெயிலில் நிற்பவருக்குக் காற்று சில்லென்று இருந்தாலும் உடல் கதகதப்பதைப் போன்றது இது. சன்னல்களை மூடி அறையைச் சூடாக்கத் தொடங்கிய பிற்காலத்தில்தான் சிக்கல் எழுந்தது. 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, ஏறக்குறைய 9 பாகை வெப்பமுள்ள பரப்பைத் தொட்டால் நீராகப் படியும். குளிர்கால ஆம்ஸ்டர்டாமில் ஒற்றைக் கண்ணாடியும் எஃகுச் சட்டமும் அந்த அளவுக்கும் கீழே குளிர்ந்துவிடும். முப்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் அந்நீர் சட்டத்தின் அடியில் சேர்ந்து துருவுக்குத் தீனியாகிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் 20 மில்லிமீட்டருக்குமேல் கனம் வரும், பழைய சட்டத்தின் பள்ளம் அதை ஏற்காது. சட்டத்தைத் தடிப்பாக்கினால் மேலே சொன்ன அலுமினியக் கதைதான். மெல்லிய ஒட்டுக் கண்ணாடி, கட்டுப்படுத்திய காற்றோட்டம், சற்றுக் குறைந்த அறைவெப்பம் என்று மூன்றையும் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்ப்பதே நடைமுறையில் கைகொடுத்திருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு உரிய இடத்தில் முறையான பேச்சு தொடங்கியதும் டௌகரின் இன்னொரு கட்டடத்தின் வழியாகத்தான். ஹில்வர்சம் ஊரிலுள்ள ஸொன்னஸ்திரால் காசநோய் மருத்துவமனையை, பைஃபூட்டும் பொறியாளர் வீபெங்காவும் உடனிருக்க, 1926 தொடங்கி அவர் கட்டினார். அதைக் கட்டுவித்தவர்கள் ஆம்ஸ்டர்டாம் வைரத் தொழிலாளர் சங்கத்தினர்; பட்டை தீட்டும்போது வைரத்தைப் பிடித்திருக்கும் செம்புக் காம்புகளின் கழிவைச் சேர்த்து விற்ற பணத்தில் தொடங்கியது அந்நிதி. காசநோய் ஒழியும் வரை நின்றால் போதும் என்னும் சிந்தனையோடு மிகக் குறைந்த பொருளில் கட்டிய கட்டடம் அது. நோய்க்கு மருந்து வந்தது, கட்டடம் வேறு பயனுக்கு மாறி, பிறகு பாழடைந்தது. குறுகிய ஆயுளுக்கென்று கட்டியதை நீண்ட நாள் காக்கலாமா என்னும் கேள்வியோடு அதைப் படித்த ஹூபெர்ட்-யான் ஹென்கெட், வெசல் டெ யொங்க ஆகியோர் 1988இல் டோகோமோமோ என்னும் பன்னாட்டு அமைப்பைத் தொடங்கினர். நவீன இயக்கக் கட்டடங்களைப் பதிவு செய்வதும் பேணுவதும் அதன் வேலை. ஸொன்னஸ்திராலின் சீரமைப்புக்காக அவ்விருவரின் அலுவலகங்களுக்கு 2010இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் நவீனத்துவப் பரிசு கிடைத்தது.

பாரிஸை ஒட்டிய சுரேன் நகரில் மேயர் ஆன்றி செலியே கட்டுவித்து, போதுவானும் மார்செல் லொட்ஸும் வடிவமைத்த திறந்தவெளிப் பள்ளியோடு கிளியோ தெருவை ஒப்பிடுவது வழக்கம். அங்கே குன்றின் சரிவில் இடம் தாராளம். தனித்தனிக் கூடங்களாக வகுப்புகளைப் பரப்பி, மூன்று பக்கக் கண்ணாடிச் சுவர்களையும் மடக்கி ஒதுக்கும்படி செய்தார்கள். இயந்திர நேர்த்தியில் சுரேன் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சுரேனில் பின்னர்ப் பள்ளி நின்று கட்டடம் வேறு கல்விப் பணிகளுக்குச் சென்றது, கிளியோ தெருவிலோ இன்றும் தொடக்கப்பள்ளியே நடக்கிறது. பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் கட்டடத்தில் துரு சிறிதாக இருக்கும்போதே யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும் என்பதால், பழுதுபார்ப்போர் காலியான நினைவுச்சின்னத்தைவிட ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியையே விரும்புவர்.

வகுப்பறைக் கண்ணாடியைப் பற்றி இத்தனை கணக்கு நடந்தாலும், தெற்குச் சதுரத்தின் திறந்த மாடங்களுக்கு அக்கணக்கு எதுவும் பொருந்துவதில்லை. அங்கே உள்ளும் வெளியும் ஒரே வெப்பம் என்பதால் நீர் படிவதில்லை, கண்ணாடி இல்லாததால் சட்டத்தின் கனம் பற்றிய வாக்குவாதமும் இல்லை. இத்தகைய மாடங்களில் ஆண்டுதோறும் பார்க்க வேண்டியவை சில்லறை வேலைகளே: தளத்தில் நீர் தேங்காதபடி வாட்டம் சரியாக இருக்கிறதா, கைப்பிடிக் கம்பி கான்கிரீட்டில் நுழையும் இடத்தில் துருக்கறை தெரிகிறதா, வடிகுழாயின் வாயை இலை அடைத்திருக்கிறதா, மழைநீர் அடிப்பரப்பில் உள்நோக்கி ஓடாமல் சொட்டிவிடுவதற்காக விளிம்பின் அடியில் வெட்டும் காடி மேலும் மேலும் அடித்த வண்ணத்தால் தூர்ந்துவிட்டதா என்பவை. கடைசியாகச் சொன்னதைச் சரிசெய்ய ஒரு பழைய உளியும் ஒரு பிற்பகலும் போதும்.